நீண்டகால லித்தியமும் டோபமைன் வழிப் பாலியல் செயல்பாடும்: எலி ஆய்வுகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

கேள்வி: மருந்தியல் மாணவி

அனைவருக்கும் வணக்கம். மருந்தியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். மனநிலைச் சீராக்கி மருந்துகளை நெடுநாள் கொடுக்கும்போது, விலங்குகளில் டோபமைன் (நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள்) சார்ந்த பாலியல் செயல்பாடு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றி அடுத்த மாதம் எங்கள் துறைக் கருத்தரங்கில் பேசவிருக்கிறேன். லித்தியத்தை மட்டும் மையமாக வைத்துக்கொள்ளலாம் என்று என் வழிகாட்டி சொல்லியிருக்கிறார்.

தலைப்பை எடுத்தபோது விடை எளிது என்றே நினைத்தேன். பித்துநிலையில் டோபமைன் மிகுந்திருக்கிறது என்று பாடத்தில் படிக்கிறோம், லித்தியம் பித்துநிலையை அடக்குகிறது, ஆண் விலங்கின் பாலியல் கிளர்ச்சிக்கு டோபமைன் தேவை, ஆகவே லித்தியம் கொடுத்தால் அது குறைய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன். பிறகு கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான் குழப்பம் வந்தது. சிலவற்றில் அப்போமார்ஃபின் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு, எலிக்கு எத்தனை முறை விறைப்பு ஏற்பட்டது, எத்தனை முறை கொட்டாவி விட்டது என்று எண்ணுகிறார்கள். சிலவற்றில் பெண் எலியுடன் விட்டுப் பார்க்கிறார்கள். வேறு சிலவற்றில் ஒரே ஒரு லித்தியம் ஊசிக்குப் பிறகு ஆண் எலி பெண்ணை நெருங்கவே மறுக்கிறது என்கிறார்கள். இவை மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் எதுவும் எதனுடனும் பொருந்தவில்லை.

கொட்டாவிக்கும் விறைப்புக்கும் என்ன தொடர்பு, ‘நீண்டகாலம்’ என்று எத்தனை நாளைச் சொல்கிறார்கள், எண்ணிக்கை குறைந்தால் டோபமைன் குறைந்துவிட்டது என்று பொருள்கொள்ளலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பழைய ஆய்வகக்காரர்

முதலில் உங்கள் அட்டவணையில் இருந்து அந்த மூன்றாம் வகைக் கட்டுரைகளை எடுத்துவிடுங்கள், அம்மா. பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

லித்தியம் குளோரைடை வயிற்றுக்குள் ஒரே ஊசியாக அதிக அளவில் கொடுத்தால் எலிக்குக் குமட்டல் போன்ற நோவு வருகிறது. எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. அது வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு மூலையில் படுத்துவிடும். அந்த நோவு வருவதற்கு முன்பு எதைத் தின்றதோ, எதை முகர்ந்ததோ அதைப் பிறகு வெறுத்து ஒதுக்கும். சுவை வெறுப்புக் கற்றல் என்ற ஆய்வுத்துறை முழுவதும் இந்த ஊசியை நம்பித்தான் நடக்கிறது. புணர்ச்சி முடிந்த கையோடு இதே ஊசியைப் போட்டுப் பழக்கினால் ஆண் எலி பெண்ணை விட்டு விலகக் கற்றுக்கொள்கிறது. அங்கே லித்தியம் மனநிலைச் சீராக்கி அல்ல, தண்டனைக்கான கருவி மட்டுமே. மருந்தின் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த முடிவைச் சிகிச்சை அளவில் வாரக்கணக்காகக் கொடுத்த முடிவோடு சேர்ப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதாகும். தேடுபொறியில் ‘லித்தியம், எலி, பாலியல் நடத்தை’ என்று போட்டால் இவையே குவியலாக வந்து விழும் என்பதால் எச்சரிக்கிறேன். நானே முதலாண்டில் இப்படி ஒரு தொகுப்பைக் கொண்டுபோய் வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

‘நீண்டகாலம்’ என்பதற்குப் பொது வரையறை கிடையாது. பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வாரங்கள் கொடுக்கிறார்கள். அமெரிக்கத் தேசிய முதுமையியல் நிறுவனத்தைச் சேர்ந்த ரப்பபோர்ட் குழுவினர் ஒரு கிலோ தீவனத்துக்கு 1.70 கிராம் லித்தியம் குளோரைடு என்று நான்கு வாரமும், 2.55 கிராம் என்று அடுத்த இரண்டு வாரமும் கொடுத்தார்கள். நோயாளிகளின் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம், எலியிலும் அந்த எல்லையைத் தொடுவதே இத்தகைய முறைகளின் நோக்கம். ஆகவே ஒரு கட்டுரையை எடுத்தவுடன் நாட்களை எண்ணுவதற்கு முன்னால் இரத்த அளவைத் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். எலியின் சிறுநீரகம் லித்தியத்தை மனிதனைவிட விரைவாக வெளியேற்றுவதால், தினம் ஒரு ஊசி என்ற முறையில் அளவு உச்சத்துக்குப் போய் அடிமட்டத்துக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். தீவனத்திலோ குடிநீரிலோ கலந்து கொடுத்தால் அவ்வளவு ஏற்ற இறக்கம் இராது.

இனி அப்போமார்ஃபினுக்கு வருவோம். அது டோபமைன் ஏற்பிகளை, அதாவது நரம்பணுவில் டோபமைன் வந்து பற்றும் இடங்களை, நேரடியாகத் தூண்டும் பொருள். தோலுக்கடியில் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மி.கி. என்ற சிறிய அளவில் கொடுத்துவிட்டு எலியைக் கண்ணாடிக் கூண்டில் விட்டால், சில நிமிடங்களில் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விடும். பிறகு திடீரென்று பின்னங்கால்களில் அமர்ந்து, முதுகை வளைத்து, இடுப்பை இரண்டு மூன்று முறை அசைத்து, குனிந்து ஆண்குறியை நக்கும். அதைத்தான் ஒரு விறைப்பு என்று குறித்துக்கொள்கிறோம். அரைமணி நேரமோ ஒரு மணி நேரமோ கண்கொட்டாமல் எண்ண வேண்டும். பார்ப்பவருக்கும் கொட்டாவி வரும் என்பது வேறு கதை.

இரண்டும் ஏன் ஒன்றாக வருகின்றன என்பதற்குச் சார்டினியாவின் கால்யாரியில் ஆர்ஜோலாஸ், மெலிஸ் ஆகியோர் செய்த பணியைப் படியுங்கள். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸின் பாராவென்ட்ரிகுலர் உட்கருவில் மிகச் சிறிதளவு அப்போமார்ஃபினைச் செலுத்தினாலே விறைப்பும் கொட்டாவியும் வருகின்றன என்று 1987-இல் காட்டினார்கள். அங்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் நரம்பணுக்களை டோபமைன் தூண்டுகிறது, அவற்றின் இழைகள் தண்டுவடம் வரை இறங்குகின்றன. மூளைக்குள் ஆக்சிடோசின் எதிர்மருந்தைக் கொடுத்தால் அப்போமார்ஃபினின் இந்த விளைவு தடைபடுகிறது. மூளைக்குள் நுழையாத டோபமைன் எதிர்மருந்தான டொம்பெரிடோன் இதைத் தடுப்பதில்லை, நுழையும் ஹாலோபெரிடால் தடுக்கிறது என்பதால், நிகழ்வு தொடங்கும் இடம் மூளைதான் என்பதும் உறுதி. இதே பொருளை நாவுக்கடியில் வைக்கும் மாத்திரையாக்கி 2001-இல் ஐரோப்பாவில் ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதையும் கருத்தரங்கில் சொல்லலாம், அவையோர் விழித்துக்கொள்வார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. எண்ணிக்கை குறைந்தால் டோபமைன் செயல்பாடு குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கொட்டாவிக்கும் விறைப்புக்கும் உரிய அளவு–விளைவு வரைகோடு மணி வடிவமானது. சிறிய அளவில் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், அளவை மேலும் கூட்டினால் இறங்கிவிடும். இறங்கும் பக்கத்தில் எலி ஓயாமல் முகர்வதும் கம்பியைக் கடிப்பதுமாக மாறிவிடுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காலின்ஸ் குழுவினர் 2005-இல் கொட்டாவியைப் பற்றி இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள்: ஏறும் பக்கத்துக்கு டி3 ஏற்பி காரணம், இறங்கும் பக்கத்துக்கு டி2 ஏற்பி காரணம் (டி2, டி3, டி4 என்பவை டோபமைன் ஏற்பியின் வகைகள்). விறைப்பில் டி4 ஏற்பிக்கும் பங்குண்டு, அதை மட்டும் தூண்டும் பொருளும் எலியில் விறைப்பை உண்டாக்குகிறது.

இப்போது உச்சத்துக்குரிய 0.1 மி.கி. என்ற ஒரே அளவை மட்டும் வைத்து ஒருவர் சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் ஏற்பிகளின் உணர்திறனைக் குறைத்திருந்தால் எலி ஏறும் பக்கத்தின் கீழ்ப்பகுதிக்கு நழுவும், எண்ணிக்கை குறையும். உணர்திறனைக் கூட்டியிருந்தாலும் எலி உச்சத்தைத் தாண்டி இறங்கும் பக்கத்தில் விழும், அப்போதும் எண்ணிக்கை குறையும். நேர் எதிரான இரண்டு மாற்றங்கள் தாளில் ஒரே எண்ணாகத் தெரிகின்றன. குறைந்தது நான்கு ஐந்து அளவுகளில் சோதித்து, வரைகோடு இடப்பக்கம் நகர்ந்ததா, வலப்பக்கம் நகர்ந்ததா, அல்லது இருந்த இடத்திலேயே தாழ்ந்ததா என்று காட்டாத கட்டுரையை நான் சான்றாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். என் கண்டிப்பு சற்று அதிகம் என்று சொல்வோர் உண்டு.

பதில் 2: நரம்பு வேதியியல்

ஐயா சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் அப்போமார்ஃபின் சோதனையை மட்டும் வைத்துப் ‘பாலியல் செயல்பாடு’ என்று தலைப்புப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெண் எலியே இல்லாத கூண்டில் மருந்தால் வரும் விறைப்பு ஓர் அனிச்சைச் செயலின் அளவுகோல்தான். அதில் விருப்பம் இல்லை, நாடுதல் இல்லை. இவற்றுக்கு டோபமைன் வேறு இடங்களில் வேலை செய்கிறது. தடுப்புக்கு அப்பால் கருவுறும் பருவத்துப் பெண் எலியை வைத்தாலே ஆண் எலியின் ஹைபோதலாமஸுக்கு முன்புறம் உள்ள மீடியல் பிரீஆப்டிக் பகுதியில் டோபமைன் உயர்கிறது என்றும், விதையகற்றிய எலியில் அது உயர்வதில்லை, அவை புணர்வதும் இல்லை என்றும் எலைன் ஹல் குழுவினர் 1995-இல் காட்டினார்கள். இன்பத்தையும் நாட்டத்தையும் சார்ந்த மூளைப்பகுதியான நியூக்ளியஸ் அக்கும்பென்ஸில் நடப்பது வேறு. அலுக்கும்வரை புணர்ந்த எலியின் முன் புதிய பெண்ணை வைத்தால் அங்கு டோபமைன் மறுபடி எழுகிறது என்பது 1997-இல் ஃபியோரினோ முதலியோர் கண்டது. எனவே முதல் ஏறலுக்கு எடுத்த நேரம், நுழைவுகளின் எண்ணிக்கை, விந்து வெளிப்பட எடுத்த நேரம், அதன்பின் மீண்டும் தொடங்கும்வரை உள்ள ஓய்வு ஆகியவற்றைத் தனித்தனியாகத் தரும் புணர்ச்சிச் சோதனையும் வேண்டும்.

லித்தியம் டோபமைனைக் ‘குறைக்கிறது’ என்று எழுதுவதையும் தவிருங்கள். சான்றுகள் சுட்டுவது ஏற்பிக்குப் பின்னால் நடக்கும் செய்திப் பரிமாற்றத்தை. ஹாலோபெரிடாலை நெடுநாள் கொடுத்தால் எலியில் டோபமைன் ஏற்பிகள் மிகையுணர்வு அடையும். கூடவே லித்தியமும் கொடுத்தால் அந்த மிகையுணர்வு உருவாவதில்லை என்று அகூ பெர்ட், கேண்டஸ் பெர்ட் முதலியோர் 1978-இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் கரோன் ஆய்வகத்தைச் சேர்ந்த போலியூ 2004-இல் வேறொரு கதவைத் திறந்தார். டோபமைன் டி2 ஏற்பி வழியாக ஏகேடி என்ற நொதியை அணைத்து, ஜிஎஸ்கே-3 என்ற நொதியை விழிக்கவைக்கிறது, லித்தியம் இதைத் திருப்பிவிடுகிறது. டோபமைனை உள்ளிழுக்கும் கடத்தியே இல்லாமல் பிறந்து ஓயாது ஓடும் சுண்டெலிகள் லித்தியத்தால் அடங்கியதும் இதனால்தான். ஐயா சொன்ன ஆறு வாரத் தீவன முறையில், டி2 ஏற்பியைத் தூண்டினால் மூளையில் எழ வேண்டிய, அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தின் வழியான செய்தியும் எழாமல் போகிறது என்பது பசெலின் முதலியோரின் முடிவு.

ஆக, நீண்டகால லித்தியம் டி2 வழிச் செய்தியைத் தணிக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஆனால் இவற்றில் பெரும்பகுதி ஸ்ட்ரையேட்டம் முதலிய முன்மூளைப் பகுதிகளில் கண்டது, பாராவென்ட்ரிகுலர் உட்கருவில் கண்டதல்ல. டி2 தணிந்து டி3 அப்படியே இருந்தால், மணி வடிவ வரைகோட்டின் இறங்கும் பக்கம் மட்டும் தளர்ந்து, உயர் அளவுகளில் கொட்டாவி கூடவே வாய்ப்புண்டு. இது என் ஊகம். ஆனால் சோதித்துப் பார்க்கத்தக்க ஊகம்.

பதில் 3: பழைய ஆய்வகக்காரர்

திருத்தத்தை ஏற்கிறேன். உங்கள் ஊகம் எனக்கும் பிடித்திருக்கிறது.

விட்டுப்போன ஒன்று: மூளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆண்குறியை மறந்துவிடுவோம். டெஹ்ரானில் தெஹ்பூர் குழுவினர் எலிகளுக்கு 30 நாள் குடிநீரில் லித்தியம் கொடுத்து, விறைப்புத் திசுவை வெட்டியெடுத்து, திசுவைக் கரைசலில் உயிரோடு வைத்துச் சோதிக்கும் உறுப்புத் தொட்டியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அசிட்டைல்கோலின் சேர்த்தால் அத்திசு தளர வேண்டும், தளர்ந்தால்தான் உள்ளே இரத்தம் நிறையும். லித்தியம் பெற்ற எலிகளின் திசு அந்த அளவுக்குத் தளரவில்லை. நைட்ரிக் ஆக்சைடு பாதை, சைக்ளோஆக்சிஜனேஸ் பாதை இரண்டுக்கும் அதில் பங்கிருப்பதாக 2007-இல் எழுதினார்கள். தொட்டியில் இருந்தது மூளையற்ற ஒரு துண்டுத் தசை, அங்கே டோபமைனுக்கு வேலையே இல்லை. அப்படியானால் அப்போமார்ஃபின் சோதனையில் விறைப்பு மட்டும் குறைந்து கொட்டாவி குறையாமல் இருந்தால், கோளாறை முதலில் கீழே, ஆண்குறித் திசுவில்தான் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்து குறைந்தால் மூளையைச் சந்தேகிக்கலாம். கொட்டாவியை வேண்டாத துணைக்கணக்கு என்று எண்ணாமல் விட்டுவிடுவோர் இந்த வாய்ப்பை இழக்கிறார்கள்.

ஆய்வகத்தில் மட்டுமே தெரியவரும் ஒரு சங்கதியும் உண்டு. லித்தியம் உண்ணும் எலி அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து அளவுக்கு மீறிச் சிறுநீர் கழிக்கும். காலையில் மாற்றிய மரத்தூள் மாலைக்குள் சொதசொதவென்று ஆகிவிடும். கூண்டைப் பார்த்தவுடனேயே எது லித்தியக் குழு என்று எண்ணுபவருக்குத் தெரிந்துவிடுவதால், குழு தெரியாமல் எண்ணினோம் என்று கட்டுரையில் எழுதுவது பல இடங்களில் ஏட்டளவில்தான் உண்மை. எலியைப் புதிய, உலர்ந்த சோதனைக் கூண்டுக்கு வேறொருவர் மாற்றித் தர வேண்டும், அல்லது காணொளியாக எடுத்துப் பிறகு எண்ண வேண்டும். உப்புச்சத்து குறைந்தால் லித்தியம் உடலில் தேங்கி நச்சாகும் என்பதால் தண்ணீர்ப் புட்டியோடு உப்புநீர்ப் புட்டியும் வைக்க வேண்டும். எடை குறைந்து, மயிர் சிலிர்த்து, சோர்ந்து கிடக்கும் எலி புணரவில்லை என்றால் அதை டோபமைன் கணக்கில் எழுதக் கூடாது. பித்துநிலைக்கு லித்தியத்தை அறிமுகப்படுத்திய ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949-இல் வெளியிட்ட கட்டுரையில், லித்தியம் கொடுத்த கினிப் பன்றிகள் அமைதியாக மல்லாந்து கிடந்ததுகூட நச்சின் தொடக்கமாக இருக்கலாம் என்று பின்னாளில் பலர் கருதியது நினைவிருக்கட்டும்.

பதில் 4: ஒரு வாசகன்

நான் மருந்தியல் படித்தவன் அல்லன். 11 ஆண்டுகளாக லித்தியம் சாப்பிட்டு வருகிறேன். முதல் சில ஆண்டுகளுக்குப் பிறகு எனக்குப் பாலியல் குறைபாடு வந்தது. வெட்கத்தால் மருத்துவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நானாகவே மருந்தை நிறுத்தினேன், இரண்டே மாதத்தில் மருத்துவமனையில் கிடந்தேன். எலிகளைப் பற்றிய இந்த உரையாடலில் என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பது பொருத்தமா தெரியவில்லை.

பதில் 5: மனநல மருத்துவர்

பொருத்தமான கேள்விதான், ஐயா. கேட்காமல் விட்டது எங்கள் தொழிலின் குறை.

எலியிலிருந்து மனிதருக்கு நேர்கோடு போட முடியாது. எலிக்கு லித்தியம் மட்டும் கொடுக்கிறார்கள். நோயாளியோ பெரும்பாலும் கூடவே ஓர் உளப்பிணி மருந்தும் (ஆன்டிசைக்கோடிக்), சில சமயம் தூக்கமருந்தும் சாப்பிடுகிறார். உளப்பிணி மருந்துகளில் பல டி2 ஏற்பியை அடைத்துப் புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்துபவை, பாலியல் குறைபாட்டுக்கு அதுவே போதும். மனச்சோர்வும் விருப்பத்தைக் குறைக்கும். பித்துநிலையில் மிகுந்திருந்த வேட்கை அடங்கியதை இழப்பாக உணர்வோரும் உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்த்த பிறகே லித்தியத்தின் பங்கைப் பற்றிப் பேச வேண்டும்.

ஆயினும் எலித் திசு ஆய்வுகள் ஒரு பயன் தந்தன. ஆஸ்பிரின் தடுப்பது சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத்தான் என்பதால், அந்தப் பாதையைப் பற்றிய கருத்தின் தொடர்ச்சியாக, டெஹ்ரானில் லித்தியம் உண்ணும் 32 ஆண்களுக்குத் தினம் 240 மி.கி. ஆஸ்பிரினோ வெற்று மாத்திரையோ ஆறு வாரம் கொடுத்து, ஆஸ்பிரின் பெற்றவர்களின் விறைப்பு மேம்பட்டதாக 2013-இல் வெளியிட்டார்கள். சிறிய ஆய்வு. இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் மாத்திரை வாங்க வேண்டாம். ஆஸ்பிரின் இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். அதே இனத்தைச் சேர்ந்த ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமருந்துகள் லித்தியத்தை இரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடலாம். நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த முறை இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு போகும்போது இந்தக் குறையையும் அதே குரலில் சொல்வது. அளவை மாற்றுவதோ உடன்மருந்தை மாற்றுவதோ உங்களைப் பார்க்கும் மருத்துவரின் கையில் இருக்கிறது.

மாணவிக்கு ஒரு குறிப்பு. யாராவது இன்னொரு மனநிலைச் சீராக்கியான வால்ப்ரோயேட்டைப் பற்றிக் கேட்டால், எலியில் கிலோவுக்கு 400 மி.கி., நாயில் 150 மி.கி. என்ற அன்றாட அளவுகளிலும் அதற்கு மேலும் விந்தணு உற்பத்திக் குறைவும் விதைச் சுருக்கமும் கண்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அது விதையைப் பற்றிய செய்தி, டோபமைனைப் பற்றியதல்ல. இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

மறுமொழி: மருந்தியல் மாணவி

அனைவருக்கும் நன்றி. ஒரே பக்கத்தில் எழுதியதைக் கிழித்துவிட்டேன். ஒற்றை ஊசிக் கட்டுரைகளை நீக்கியபின் என் குவியலில் பாதிதான் மிஞ்சியது. மிஞ்சியவற்றை விறைப்பு–கொட்டாவி, புணர்ச்சி, திசு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரத்த அளவு தந்திருக்கிறார்களா, எத்தனை அப்போமார்ஃபின் அளவுகளில் சோதித்தார்கள் என்று இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறேன். இரண்டாம் பத்தியில் இதுவரை எழுதியவற்றில் ‘ஒன்று’ என்பதே அதிகமாக இருக்கிறது.

ஒரே ஒரு ஐயம் மட்டும். லித்தியத்தை நிறுத்தி எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள் என்பதையும் சேர்க்க வேண்டுமா?

பதில் 6: பழைய ஆய்வகக்காரர்

கட்டாயம் சேருங்கள். கடைசித் தீவனத்துக்கும் ஊசிக்கும் இடையே இரண்டு நாள் போனால் எலியின் இரத்தத்தில் லித்தியம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். அப்போது நீங்கள் அளப்பது மருந்தை அல்ல, மருந்து போனபின் மூளை எப்படி இருக்கிறது என்பதை. மூன்றாம் பத்தி போடுங்கள்.